எலன் டெரியும் ஊமைப்படமும் – கடிதம்

வணக்கம் ஐயா,

எலன் டெரியை இங்கிலாந்து மேடையின் மகாராணி என்று எழுதியிருந்தீர்கள். சினிமாவில் அவருக்குக் கிடைத்தவை சில்லறை வேடங்கள்தானே? சாப்ளினும் மேடையிலிருந்து போனவர்தான். ஊமைப்படத்தில் வசனம் மனப்பாடம் செய்யும் தொல்லைகூடக் கிடையாது. பிறகு ஏன் இவரால் சோபிக்க முடியவில்லை?

– வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

சில்லறை வேடம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. 1916இல் வந்த முதல் படத்தில் அவர்தான் நாயகி. ஓய்வுபெற்ற நடிகையாக வருவார். ஆனால் அப்போது அவருக்கு வயது 69. சாப்ளின் கேமரா முன் போய் நின்றபோது 24.

எலன் டெரி மேடையேறியது ஒன்பது வயதில். 1856, லண்டன் பிரின்சஸ் தியேட்டர், ஷேக்ஸ்பியர் நாடகம், பார்க்க வந்திருப்பவர் விக்டோரியா மகாராணி. மேடையில் பொம்மை வண்டியோடு ஓடிய சிறுமி எலன் தடுக்கி மல்லாக்க விழுந்தார். சபையில் சிரிப்பு. இனி நமக்கு நாடகமே இல்லை என்று நினைத்துவிட்டதாகச் சுயசரிதையில் எழுதுகிறார்.

1878 முதல் இருபது வருடங்களுக்கு மேல் நடிகர் ஹென்றி இர்விங்கின் லைசியம் தியேட்டரில் நடித்தார். 1888இல் ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்' நாடகத்தில் லேடி மக்பெத் வேடத்துக்காக எலன் டெரி அணிந்த பச்சை உடையில் பொன்வண்டுச் சிறகுகளை நூற்றுக்கணக்கில் வைத்துத் தைத்திருந்தார்கள். ஆமாம், நம் ஊர்ப் பையன்கள் தீப்பெட்டியில் போட்டு வளர்ப்பார்களே, அந்த வகை வண்டுதான். கேஸ் வெளிச்சத்தில் அவர் திரும்பும்போதெல்லாம் உடை மினுமினுக்கும். ஓவியர் சார்ஜென்ட் அதை அப்படியே வரைந்துவைத்தார். கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் அந்தப் பச்சைக்கு என்ன வேலை?

வசனத் தொல்லை இல்லை என்கிறீர்கள். வாஸ்தவம். முதுமையில் பார்வை மங்கி, வசனம் மறக்கத் தொடங்கியிருந்தவருக்கு அது சௌகரியம்தான். ஆனால் ஜனங்கள் அவரிடம் சொக்கிப்போனதில் பாதி குரலுக்காக. 1922இல் 'த பொஹீமியன் கேர்ள்' படத்தில் தாதியாக வந்தார். அது ஓபரா, பாட்டாகவே நடக்கும் நாடகம்! பாட்டை எடுத்துவிட்டு ஓபராவைப் படமாக்கியிருக்கிறார்கள். (அதில் நடித்த ஆப்ரி ஸ்மித் இங்கிலாந்து கிரிக்கெட் அணியின் கேப்டனாக ஒரு டெஸ்ட் ஆடியவர் என்பது உபரித் தகவல்.)

இந்தப் படங்களை வைத்து அவரை எடைபோடாதீர்கள். 1911இல் அமெரிக்காவில் விக்டர் கம்பெனிக்காக ஷேக்ஸ்பியர் வசனங்களைப் பேசி இசைத்தட்டில் பதிந்திருக்கிறார். கரகரப்பு அதிகம்தான். இருந்தாலும் 'வெனிஸ் வணிகன்' நாயகி போர்ஷியா கருணையைப் பற்றிப் பேசும் பகுதியை முதலில் கேளுங்கள், 'ஹாம்லெட்'டின் ஒஃபீலியாவைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். கேட்டுவிட்டு எழுதுங்கள்.