ஆய்வேட்டில் வலைப்பூ இடுகையைச் சான்றாகக் காட்டுவது எப்படி?

வலைப்பூவில் படித்ததை ஆய்வேட்டில் சேர்த்திருக்கிறேன், அடிக்குறிப்பில் சுட்டி மட்டும் கொடுத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. எனக்கு அது வாய்மொழித் தேர்வு அன்றுதான் உறைத்தது.

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கண்மாயின் குமிழித் தூம்பில், அதாவது கண்மாய்க்குள் தண்ணீரைத் திறந்துவிடும் பழைய கல் மடையில், உள்ள கல்வெட்டைப் பற்றிய இடுகை அது. தேர்வாளர் என் அடிக்குறிப்பில் இருந்த சுட்டியைக் கைப்பேசியில் அடித்துப் பார்த்தார். திறக்கவில்லை. "எழுதினது யாரும்மா?" என்றார். பெயரையும் நான் குறித்து வைக்கவில்லை. பதில் சொல்ல முடியாமல் நின்றேன்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. இந்தியாவிலிருந்து கூகுளின் பிளாகர் தளத்தில் உள்ள வலைப்பூவைத் திறந்தால் முகவரி 'பிளாக்ஸ்பாட் டாட் இன்' என்று மாறிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. 2020-இல் அந்த டொமைன் கைமாறிப்போய், அந்தச் சுட்டிகள் எல்லாம் செத்துவிட்டன. இடுகைகள் அழியவில்லை. 'இன்' இருக்கும் இடத்தில் 'காம்' போட்டால் பெரும்பாலும் திறக்கும். உங்கள் பட்டியலிலும் அப்படிப்பட்ட சுட்டி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சரி, என்னென்ன வேண்டும்? எழுதியவர் பெயர், வெளியான நாள், இடுகைத் தலைப்பு, வலைப்பூவின் பெயர், அந்த இடுகைக்கே உரிய சுட்டி. முகப்புப் பக்கச் சுட்டி உதவாது. ஏபிஏ (APA) என்ற மேற்கோள் முறையின் 7-ஆம் பதிப்பில் இதே வரிசைதான். வலைப்பூவின் பெயர் சாய்வெழுத்தில் வரும். எம்எல்ஏ (MLA) என்ற இன்னொரு முறையில் தலைப்பு மேற்கோள்குறிக்குள் வரும், நாள் வலைப்பூப் பெயருக்குப் பின்னால் போகும். எந்த முறை என்று நெறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், படித்த அன்றே இடுகையை வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்தில் சேமித்து அந்தச் சுட்டியையும் சேருங்கள். சேமித்த நாளும் நேரமும் அந்த முகவரியிலேயே எண்களாக இருக்கும்.

புனைபெயரில் எழுதியிருந்தால் புனைபெயரையே போடுங்கள். உண்மைப் பெயர் உங்களுக்குத் தெரிந்திருந்தாலும், அவர் வெளியில் சொல்லாததை நீங்கள் சொல்ல வேண்டாம். பெயரின் தலைப்பெழுத்தை (இனிஷியலை) விரித்து அப்பா பெயரை முன்னால் போட்டுவிடாதீர்கள், ஆளே மாறிவிடுவார்.

இதையெல்லாம்விட முக்கியம், அந்த இடுகைதான் மூலமா என்பது. உ.வே.சா. எழுதியதாக ஒரு வரியை வலைப்பூவில் பார்த்தால், உ.வே.சா.வின் நூலை எடுத்துப் பக்கம் பார்த்து அதைக் காட்டுங்கள். ஆனால் பதிவரே வெயிலில் கண்மாய்க்குள் இறங்கி, தூம்பைப் படம் எடுத்து, எழுத்துகளைப் படித்து எழுதியிருந்தால் அவர்தான் மூலம். வலைப்பூதானே என்று அவர் பெயரை விட்டுவிடுவது அவர் உழைப்பைத் திருடுவதுதான். நான் செய்ததும் அதுதான். திருத்திய பிரதியில் அவர் பெயரை முழுதாகச் சேர்த்தேன். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அந்த இடுகையின் பின்னூட்டத்தில் தகவல் சொல்லிவிட்டு, அவருக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். ஓய்வுபெற்ற ஆசிரியராம். தூம்பின் மறுபக்கத்தில் இன்னும் இரண்டு வரி இருக்கிறது, தண்ணீர் வற்றியதும் வந்து பாருங்கள் என்று எழுதியிருந்தார்.