அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் சொல்லும் ‘இன் தி ரவுண்ட்’ என்றால் என்ன?

அமெரிக்க நாட்டுப்புற இசையிலிருந்து வளர்ந்த கன்ட்ரி பாடல்களை எழுதியவர்களே, மேடை இல்லாமல், கூடத்தின் நடுவில் வட்டமாக எதிரெதிரே உட்கார்ந்து முறைவைத்துப் பாடுவதுதான் இது. நாஷ்வில்லில் 1982இல் தொடங்கிய புளூபேர்ட் கஃபேயில் 1985இல் பாடலாசிரியர் டான் ஷ்லிட்ஸ் உள்ளிட்ட நால்வர் முதன்முதலில் இப்படி உட்கார்ந்தார்கள். கடைவரிசை ஒன்றில் இருக்கும் சின்ன இடம் அது; ஏறக்குறைய 90 பேர் உட்காரலாம். கிதார் வாசிப்பவரின் முழங்கை, பக்கத்து மேசைக்காரரின் தட்டில் இடித்துவிடுமோ என்று தோன்றும் அளவு நெருக்கம். பாடும்போது யாராவது பேசினால் ‘உஷ்’ என்று அடக்கிவிடுவார்கள்.

ஏன் இப்படி? அங்கே பாட்டை எழுதுபவர் ஒருவர், பாடிப் புகழ்பெறுபவர் வேறொருவர் என்பது சகஜம். அந்த வரி எந்த வேதனையில் பிறந்தது என்பது எழுதியவருக்குத்தான் தெரியும். அதைச் சொல்லிவிட்டுப் பாட, காது கொடுக்கும் சிறு கூட்டம் வேண்டும். கல்யாணப் பந்தியில் சமையல்காரரே வந்து, குழம்பின் பக்குவத்தைச் சொல்லிப் பரிமாறுவது போல. ருசி அதேதான், ஆனால் நாம் சாப்பிடும் விதம் மாறிவிடும். எனக்கு இதைவிட நேர்மையான கச்சேரி வடிவம் தெரியாது.

பாடகராக வெல்ல முடியாதவர்கள் ஒதுங்கும் இடம் இது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. பாடகர் கென்னி ராஜர்ஸ் குரலில் உலகம் கேட்ட ‘தி கேம்ப்ளர்’ பாடலை எழுதியவரே அந்த முதல் நால்வரில் ஒருவரான ஷ்லிட்ஸ்தான்.