மூன்று நாள் வகுப்பும் முதல் வாடிக்கையாளரும்

கேள்வி: அக்காவுக்கு வணக்கம். எனக்கு வயது 24. அழகுக்கலையில் என்.வி.கியூ (தேசிய தொழிற்தகைமை) நான்காம் மட்டம் முடித்து, யாழ்ப்பாண நகரில் ஒரு சலூனில் இரண்டு வருடங்களாக வேலை செய்கிறேன். திரெடிங், ஃபேஷியல், மணப்பெண் அலங்காரம் எல்லாம் கைவசம் உண்டு. இப்போது புருவத்தில் முடி போலக் கோடு கீறி நிறமேற்றும் மைக்ரோபிளேடிங் பழக ஆசைப்படுகிறேன். கனடாவில் உள்ள மச்சாள் உபகரணப் பெட்டி ஒன்றை அனுப்புவதாகச் சொல்கிறார். கொழும்பில் மூன்று நாள் வகுப்பு ஒன்று நடக்கிறது; முடிவில் சான்றிதழும் தருகிறார்கள். ஆவணி மாதக் கலியாணங்களுக்கு முன்பே தொடங்கிவிடலாமா? – சுன்னாகம் வாசகி

பதில்: வகுப்புக்குத் தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் இந்த ஆவணியில் எந்த மணப்பெண்ணின் புருவத்திலும் பிளேடு வைக்க வேண்டாம் என்று உங்களை உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். திரெடிங்கில் பிழை விட்டால் சில கிழமைகளில் முடி வளர்ந்து அதை மறைத்துவிடும். மைக்ரோபிளேடிங்கில் பிழை விட்டால் அந்தப் பெண் அதைத் தன் கலியாண அல்பத்திலும், பிறகு ஒன்றிரண்டு வருடங்கள் கண்ணாடியிலும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கீறல் ஆழமாகிவிட்டால் தழும்பாக நிலைத்தும் விடலாம்.

பெயர் புதிதாக இருந்தாலும் செய்யும் வேலை பச்சை குத்துவதுதான். வரிசையாகப் பதித்த மெல்லிய ஊசிகளைக் கொண்ட ஒரு பிளேடால் தோலில் முடி போன்ற கோடுகளைக் கீறி, அந்தக் கீறலில் நிறமியை இறக்குகிறோம். அது மேல்தோலைத் தாண்டி உள்தோலின் மேல்விளிம்பில் தங்க வேண்டும். மேல்தோலோடு நின்றால், பொருக்கு உதிரும்போது நிறமும் சேர்ந்து உதிர்ந்துவிடும். கூடுதலாக இறங்கினால் கோடு பரவி, நிறம் மாறி, தோலும் தடிக்கும். இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம் ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்குதான் என்பதால், கண்ணை விடக் கையே அதைப் பழக வேண்டியிருக்கிறது. இடது கையால் தோலை இறுக்கிப் பிடித்து, பிளேட்டை நேராக நிறுத்தி இழுக்கும்போது மெல்லிய பட்டுத்துணி கிழிவது போன்ற ஓர் ஓசை கேட்கும். கோட்டில் ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளிகள் தோன்றினால் போதுமானது. இரத்தம் வழிந்தால் அளவு மீறிவிட்டது. தோலைச் சரியாக இறுக்கிப் பிடிக்காதவருக்கு எவ்வளவு விலையுயர்ந்த பிளேடும் கை கொடுக்காது. வகுப்பில் மற்ற எல்லாவற்றையும் விட இதைத்தான் ஆசிரியரின் கையைப் பக்கத்தில் இருந்து பார்த்துப் பழக வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். நான் பழகிய இடத்தில் கோடு போடும் விதத்தை அழகாகக் கற்றுத் தந்தார்கள். ஆழத்தைப் பற்றியும் நம்முடைய தோல் நிறத்தைப் பற்றியும் ஒரு மணித்தியாலம் கூடக் கதைக்கவில்லை. என்னிடம் நம்பி முகத்தைத் தந்தவர்களில் நான்காவது ஆள் என் சின்னம்மாவின் மகள். கருமையான புருவம் வேண்டும் என்றாள். நானும் கருப்பு நிறமியையே எடுத்து, கையையும் சற்று அழுத்திவிட்டேன். முதல் மாதம் எல்லோரும் வடிவு என்றார்கள். எட்டாம் மாதம் புருவம் சாம்பல் கலந்த நீலமாகத் தெரிந்தது. தோலுக்குள் ஆழமாக இறங்கிய கருமை வெளியே நீலமாகவே தெரியும் என்பதை அதற்குப் பிறகுதான் படித்தேன். ஒவ்வொரு நாளும் புருவத்தின் மேல் பென்சில் பூசிக்கொண்டு வேலைக்குப் போன அவள், என்னிடம் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

ஆகவே நிறத்தைக் கவனமாகப் படியுங்கள். தோலின் நிறத்தையும் அது வெயிலுக்கு எப்படி மாறுகிறது என்பதையும் வைத்து ஆறு வகைகளாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல் 1975 இல் உருவாக்கப்பட்டது. இணையத்தில் நீங்கள் பார்க்கும் காணொளிகளில் பெரும்பாலானவை அதன் முதல் மூன்று வகைத் தோலில் செய்தவை. நம்மிடம் வருபவர்களில் பெரும்பாலானோர் நான்காம், ஐந்தாம் வகையினர். இந்தத் தோலில் தழும்பு தடித்து வளர்வதற்கும், காயம் ஆறிய இடம் கறுப்பதற்கும் வாய்ப்புக் கூடுதலாக இருப்பதால் கை இன்னும் மென்மையாக இருக்க வேண்டும். சாம்பல் சாயல் உள்ள நிறமியைத் தவிர்த்து, சற்றுச் சூடான பழுப்புச் சாயல் உள்ளதைத் தெரிவு செய்யுங்கள்.

உங்களிடம் ஏற்கனவே ஒரு சொத்து இருக்கிறது: இரண்டு வருடத் திரெடிங். புருவத்தின் தொடக்கத்தில் முடி மேல்நோக்கி நிற்பதும், நடுவில் சாய்வதும், மேல்வரிசை கீழ்நோக்கியும் கீழ்வரிசை மேல்நோக்கியும் வந்து ஒன்றையொன்று தொடுவதும் உங்கள் விரலுக்குத் தெரியும். அதைத் தாளில் பென்சிலால் நூறு தடவை வரையுங்கள்; பிறகு லேடெக்ஸ் பயிற்சித் தோலில் மாதக் கணக்கில் கீறுங்கள். மேப்பிங் (கீறுவதற்கு முன் புருவத்தின் வடிவத்தை அளந்து குறிப்பது) செய்யும்போது வாடிக்கையாளரை நிமிர்ந்து உட்காரவைத்து நூலால் அளவிடுங்கள். படுத்திருக்கும்போது முகத்தின் தசைகள் இடம் மாறுவதால், அப்போது சமமாகத் தெரியும் புருவம் எழுந்ததும் ஏறி இறங்கி நிற்கும்.

மச்சாள் அனுப்பும் பெட்டியைப் பற்றி: ஒவ்வொரு பிளேடும் தனித்தனியாக முத்திரையிடப்பட்டு, கிருமி நீக்கப்பட்டதற்கான குறிப்பும் காலாவதித் திகதியும் கொண்டிருக்க வேண்டும். இல்லாதவற்றைப் பயிற்சித் தோலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குப் பாவித்த பிளேட்டை ஸ்பிரிட்டால் துடைத்து இன்னொருவருக்குப் பாவிப்பது பாவம் என்றே சொல்வேன். ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே ஏழு நாட்களாவது உயிர்ப்போடு இருக்கக்கூடியது. காய்ந்துபோன, கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளியே அதற்குப் போதும். உங்களுக்காகவும் அதன் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளுங்கள். வழமையாக அது மூன்று ஊசிகள்: முதலாவதைப் போட்டு ஒரு மாதத்திலும் ஆறு மாதத்திலும் மற்ற இரண்டும். இன்று தொடங்கினாலே அரை வருடம் ஆகும் என்பதும் ஆவணிக்கு அவசரப்படாமல் இருக்க ஒரு காரணம்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், தடித்த தழும்பு வளரும் இயல்புள்ளவர்கள், முகப்பருவுக்கு ஐசோட்ரெடினோயின் மாத்திரை எடுப்பவர்கள் அல்லது அண்மையில் நிறுத்தியவர்கள் வந்தால், எவ்வளவு வற்புறுத்தினாலும் மறுத்துவிடுங்கள். மற்றவர்களுக்கும் நிறமியையும் மரப்புக் கிறீமையும் முன்கூட்டியே சிறிதளவு பூசிப் பரிசோதியுங்கள்.

வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள்: ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள்? உயிருள்ள மாடலில் செய்யும்போது அவர் பக்கத்தில் நிற்பாரா? ஆறு கிழமை கழித்து ஆறிய புருவத்தைப் பார்த்துக் குறை சொல்வாரா? மூன்று நாளில் தரப்படும் சான்றிதழ் பெரும்பாலும் நீங்கள் வகுப்புக்கு வந்ததற்கான அத்தாட்சியே, என்.வி.கியூ போலக் கைத்திறனை மதிப்பிட்டுத் தருவதோடு அதை ஒப்பிட முடியாது. அந்த நிறுவனம் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா என்றும் விசாரியுங்கள்.

கேள்வி: முகத்தில் எப்போதும் எண்ணெய் வழியும் வாடிக்கையாளருக்கு மைக்ரோபிளேடிங் நிற்குமா? – நெல்லியடி வாசகி

பதில்: நிற்கும், ஆனால் கோடு கோடாக நிற்காது. எண்ணெய்ச் சுரப்புக் கூடிய தோலில் மெல்லிய கோடுகள் சில மாதங்களில் ஒன்றோடொன்று கலந்துவிடும். அப்படிப்பட்டவருக்கு இயந்திர ஊசியால் புள்ளிகளாக நிறமிடும் பவுடர் புருவமே பொருத்தமானது.

கேள்வி: நான் செய்த முதல் வாடிக்கையாளர் பத்தாம் நாள் வந்து, பொருக்கோடு நிறமும் போய்விட்டது என்று அழுதார். மீண்டும் கீறலாமா? – வட்டுக்கோட்டை வாசகி

பதில்: கீற வேண்டாம். முதல் சில நாட்கள் நிறம் கடுமையாகத் தெரியும். பிறகு பொருக்கு உதிரும். புதிதாக வளர்ந்த தோல் நிறமியை மூடுவதால் ஒன்றுமே இல்லாதது போலத் தோன்றும். நான்காம் கிழமையளவில் நிறம் மெல்ல மேலெழுந்து தெரியும். இதை முதல் நாளே எழுதிக் கொடுத்திருந்தால் அவர் அழுதிருக்கமாட்டார். அந்தத் தாளில் இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பொருக்கை நகத்தால் எடுக்கக்கூடாது, பத்து நாட்களுக்கு முகத்துக்கு மஞ்சள் பூசுவதும், தலைக்கு நல்லெண்ணெய் வைத்து முழுகுவதும், புருவத்தில் படும்படி திருநீறு பூசுவதும் கூடாது, கீரிமலைக் கேணியிலோ கடலிலோ இறங்கக்கூடாது. வீக்கம், சீழ், காய்ச்சல் ஏதும் கண்டால் உங்களிடம் வருவதற்கு முன் வைத்தியரிடம் போகச் சொல்லுங்கள். அவரது புருவத்தை ஆறு கிழமை முடிந்ததும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எந்த இடத்தில் கோடு விட்டுப்போயிருக்கிறதோ அந்த இடத்துக்கு மட்டும் டச்-அப் செய்தால் போதும்.