கணுக்காலில் ஒரு கீறல்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 72. கன்னங்குறிச்சியில் இருக்கிறேன். சர்க்கரை 15 வருடமாக இருக்கிறது, பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். டாக்டர் சொன்னபடி தினமும் காலையில் மூக்கனேரிப் பக்கம் நடந்துவிட்டு வருவேன். எங்கள் தெருவில் ஒரு தாய் நாயும் நான்கு குட்டிகளும் இருக்கின்றன. பிஸ்கட் போடும்போது ஒரு குட்டி தாவியதில் அதன் பல் என் கணுக்காலில் பட்டுவிட்டது. ரத்தம் வந்த மாதிரி தெரியவில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டேன், ஆறிவிட்டது. இது நடந்து 24 நாள் ஆகிறது. இப்போது குட்டிகளில் ஒன்றைக் காணோம். நான்கும் ஒரே செவலை நிறம், எது கடித்தது என்று சொல்லத் தெரியவில்லை.

தெருநாய்களையெல்லாம் பிடித்துக்கொண்டு போகச் சொல்லி கோர்ட்டு உத்தரவு போட்டுவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். பிறகு இல்லை என்றார்கள். வீட்டில், அது தெளிவாகிற வரைக்கும் நடைக்கே போக வேண்டாம் என்கிறார்கள். எங்கள் வீட்டிலும் டாமி என்று 12 வயது பொமரேனியன் ஒன்று உண்டு. சமீபமாக நொண்டுகிறது, தண்ணீர் நிறையக் குடிக்கிறது. என் மூட்டுவலி மாத்திரையில் பாதியை இரண்டு நாள் கொடுத்துப் பார்த்தேன். மே மாதம் அதையும் கூட்டிக்கொண்டு ஏற்காட்டில் மகள் வீட்டுக்குப் போகிறோம். தங்கள் ஆலோசனை வேண்டும்.

மு., கன்னங்குறிச்சி

அன்புள்ள மு. அவர்களுக்கு,

இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு வெறிநோய்த் (ரேபிஸ்) தடுப்பூசி போடக் கிளம்புங்கள். நாளைக்கு என்று தள்ள வேண்டாம். கோர்ட்டு, டாமி, ஏற்காடு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

24 நாள் ஆகிவிட்டதே, இனி ஊசி எதற்கு என்று தோன்றும். வெறிநோய்க் கிருமி ரத்தத்தில் ஓடுவதில்லை. கடிபட்ட இடத்து நரம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூளையை நோக்கி ஏறுகிறது. பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் நோய் வெளிப்படும். ஒரு வாரத்தில் வந்ததும் உண்டு, ஒரு வருடம் கழித்து வந்ததும் உண்டு. கணுக்காலிலிருந்து மூளைக்குத் தூரம் அதிகம். அறிகுறி வராத வரைக்கும் ஊசிக்கு நேரம் இருக்கிறது, வந்துவிட்டால் மருந்தே இல்லை. கடித்து மாதக்கணக்கானாலும் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

கடித்த நாய் 10 நாள் கழித்தும் நன்றாக இருந்தால் கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். நாய்க்கும் பூனைக்கும் மட்டும் பொருந்தும் கணக்கு இது. உங்கள் விஷயத்தில் அது உதவாது. நான்கில் எது கடித்தது என்று தெரியவில்லை, ஒன்றைக் காணவும் இல்லை. பால்குடி மறக்காத குட்டிக்கு வெறி வராது என்று நம்மூரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது தவறு. இரண்டு மாதக் குட்டிக்கும் வரும்.

போகும் முன் கண்ணாடி போட்டுக்கொண்டு நல்ல வெளிச்சத்தில் அந்தக் கணுக்காலைப் பாருங்கள். வீட்டில் இன்னொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள். 15 வருடச் சர்க்கரை என்றால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். வலிக்காததால் காயமில்லை என்று நினைத்திருப்பீர்கள். தோல் கீறி ரத்தம் வராமல் இருந்தால் டாக்டர்கள் பிரிக்கும் கணக்கில் அது இரண்டாம் வகைக் காயம், தடுப்பூசி மட்டும் போதும். புள்ளி அளவுக்கு ரத்தம் எட்டிப் பார்த்திருந்தாலும் மூன்றாம் வகை. அதற்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் வேண்டும். தடுப்பூசி உடம்பில் எதிர்ப்பை உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரைக்கும் காயத்திலேயே கிருமியைக் கட்டிப்போடும் தயார் மருந்து இது. முதல் தடுப்பூசி போட்ட 7 நாளுக்குள் இதைப் போட்டாக வேண்டும். நீங்கள் ஒன்றுமே போடாததால் இந்தக் கணக்கு உங்களுக்கு இன்னும் தொடங்கவில்லை. "ரத்தம் வந்ததா இல்லையா என்று உறுதியாகத் தெரியவில்லை" என்று டாக்டரிடம் உள்ளபடி சொல்லுங்கள். சின்னக் கீறல்தான் என்று நீங்களே குறைத்துச் சொல்லிவிடாதீர்கள்.

தோலுக்குள் போடும் முறையில் இரண்டு புஜத்திலும் 0.1 மில்லி வீதம் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுவார்கள். தசையில் போடுவதானால் 0, 3, 7, 14, 28 என்று ஐந்து ஊசி. 0 என்பது முதல் ஊசி போட்ட நாள், கடித்த நாள் அல்ல. இதைக் குழப்பிக்கொண்டு நாள் தவறவிடுகிறவர்கள் நிறைய. புட்டத்தில் போட்டுக்கொள்ளக் கூடாது. அங்கே கொழுப்பு அதிகம், மருந்து சரியாக ஏறாது. பலரும் கோட்டை விடுவது 28ஆம் நாள் ஊசியைத்தான். புண் ஆறியிருக்கும், நினைவும் ஆறியிருக்கும். இன்றைக்கே தினக் காலண்டரில் ஊசி நாட்களின் தாளையெல்லாம் மடித்து வையுங்கள். ஒரு நாள் தவறினால் அடுத்த நாளே போய்ப் போட்டுக்கொண்டு தொடரலாம், முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை.

உங்கள் வயதுக்காரர்கள் பலர் இந்த ஊசிக்குத் தயங்குவது பழைய நினைவால்தான். தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்ட காலம் ஒன்று இருந்தது. ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அந்த மருந்தின் உற்பத்தியை இந்தியாவில் 2004 இறுதியிலேயே நிறுத்திவிட்டார்கள். இப்போது போடுவதற்கு வலியும் குறைவு, பத்தியமும் இல்லை. கறி, முட்டை வழக்கம்போல் சாப்பிடலாம். சர்க்கரை, பிரஷர் மாத்திரையை ஒரு வேளையும் விட வேண்டாம். ஸ்டீராய்டு மாத்திரையோ ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையோ எடுப்பவராக இருந்தால் ஊசி போடும் முன் சொல்லிவிட வேண்டும். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்றும் கேட்பார்கள்.

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தடுப்பூசி கிடைக்கும். இம்யூனோகுளோபுலின் வேண்டும் என்று சொன்னால் சேலம் ஜி.எச்.சுக்குப் போங்கள். குதிரைச் சீரத்தில் செய்தது என்றால் கிலோவுக்கு 40 யூனிட், மனித ரத்தத்தில் செய்தது என்றால் 20 யூனிட். எடை பார்த்துத்தான் அளவு போடுவார்கள், ஆகவே எடையைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

மஞ்சள், சுண்ணாம்பு பற்றி உங்களைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. தலைமுறை தலைமுறையாகச் செய்தது. ஆனால் இனி யாருக்கும் அதைச் செய்யாதீர்கள், தெருவில் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். இந்தக் கிருமிக்கு மேலே ஒரு கொழுப்பு உறை இருக்கிறது. சோப்பு அதைக் கரைத்துவிடும், சுண்ணாம்பு தோலைத்தான் பொசுக்கும். மிளகாய்த்தூள், காபித்தூள், வேப்பெண்ணெய் எல்லாமே அப்படித்தான், கழுவ வேண்டிய இடத்தை மூடிவிடுகின்றன. கடித்த உடனே குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். துணி சோப்பும் ஆகும். யாரும் 15 நிமிடம் கழுவுவதில்லை, இரண்டு சொம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். பிறகு பீட்டாடின் தடவலாம். இறுக்கிக் கட்டக் கூடாது, தையலும் போடக் கூடாது. போட்டே தீர வேண்டிய பெரிய காயமானால், இம்யூனோகுளோபுலின் செலுத்திய பிறகு தளர்வாகப் போடுவார்கள். 24 நாள் ஆன உங்கள் கணுக்காலை இப்போது கழுவிப் பயனில்லை. இதெல்லாம் அடுத்த முறைக்கு.

கோர்ட்டு விஷயத்தில் டிவி உங்களைக் குழப்பியதில் ஆச்சரியமில்லை. உத்தரவு மூன்று கட்டமாக வந்தது. 2025 ஆகஸ்ட் 11இல் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அமர்வு, டெல்லி வட்டாரத் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களுக்குக் கொண்டுபோகச் சொன்னது. ஆகஸ்ட் 22இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கருத்தடை செய்து, வெறிநோய் ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறி பிடித்ததையும் மூர்க்கமானதையும் விடக் கூடாது. கண்ட இடத்தில் உணவு போடக் கூடாது, வார்டுக்கு வார்டு தனி இடம் ஒதுக்க வேண்டும். வழக்கை நாடு முழுவதற்கும் விரித்தார்கள். நவம்பர் 7இல், பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம், விளையாட்டு வளாகம் ஆகியவற்றில் பிடிக்கும் நாய்களை மட்டும் மறுபடி அங்கே விட வேண்டாம் என்றார்கள்.

ஆகஸ்ட் 22 உத்தரவுதான் நடக்கக்கூடியது என்பது என் கருத்து. ஒரு தெருவில் நாய்களைக் காலி செய்தால் அந்த இடம் காலியாகவே இருக்காது. தட்டுவடை செட் வண்டிக்குப் பின்னால் கொட்டும் எச்சிலும் கறிக்கடைக் கழிவும் இருக்கிற வரைக்கும் அடுத்த தெரு நாய் வந்து உட்காரும். வந்ததற்கு ஊசி போட்டிருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. ஒரு பகுதியில் 70 சதவீத நாய்களுக்கு ஊசி போட்டுவிட்டால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடும். போட்டதைத் துரத்திவிட்டுப் போடாததை வரவழைத்தால் அந்த 70 எட்டவே எட்டாது.

உங்கள் தெரு நாய்களின் காதைப் பாருங்கள். ஒரு காதின் நுனியில் V போல் வெட்டியிருந்தால் கருத்தடை ஆனது, அன்று ஊசியும் போட்டிருப்பார்கள். ஊசியை வருடாவருடம் போட வேண்டும், காது வெட்டோ அப்படியே இருக்கும். அதனால் வெட்டைப் பார்த்துவிட்டு இந்த வருட ஊசியும் போட்டாயிற்று என்று நம்பிவிட முடியாது. தாய்க்கு வெட்டு இல்லையென்றால் மாநகராட்சியில் எழுத்தில் புகார் கொடுங்கள். தெரு, அடையாளம், குட்டிகளின் எண்ணிக்கை, ஒன்றைக் காணவில்லை என்பது எல்லாம் இருக்கட்டும். 2023 விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி கருத்தடையும் ஊசியும் உள்ளாட்சியின் பொறுப்பு. பிஸ்கட்டையும் ஒதுக்கிய இடத்தில் மட்டும், கையில் பிடித்துக் கொடுக்காமல் கீழே வைத்துவிட்டு நகருங்கள். குட்டி வைத்திருக்கும் தாய்க்குப் பக்கத்தில் குனியவே வேண்டாம்.

நடையை நிறுத்தாதீர்கள். உங்கள் வயதில் நாய்க்கடியை விட நாய்க்குப் பயந்து ஓடி விழுவது அதிகம் படுத்தும். இடுப்பெலும்பு முறிந்தால் எழுந்து நடக்க மாதங்கள் ஆகும். நாய் குரைத்து வந்தால் நின்றுவிடுங்கள். கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, கண்ணுக்குக் கண் பார்க்காமல் பக்கவாட்டில் பாருங்கள். அது தளர்ந்ததும் முதுகைக் காட்டாமல் மெல்ல நகருங்கள். தடியை ஓங்குவது அதைச் சீண்டுவதில்தான் முடியும். குடை இருந்தால் விரித்து நடுவில் பிடித்தால் போதும். விழுந்துவிட்டால் சுருண்டு, கழுத்தையும் காதையும் கையால் மூடிக்கொள்ளுங்கள். செருப்புக்குப் பதில் காலுறையும் ஷூவும் போடுங்கள். சர்க்கரைக் காலுக்கும் அதுதான் காவல். விடிவதற்கு முன் போவதானால் டார்ச்சும், சர்க்கரை திடீரென்று இறங்கினால் வாயில் போடச் சட்டைப் பையில் கொஞ்சம் சீனியும் இருக்கட்டும்.

டாமிக்குக் கொடுத்த மாத்திரையை நிறுத்துங்கள். மனிதருக்கான வலி மாத்திரை நாயின் வயிற்றில் புண்ணையும் சிறுநீரகத்தில் சேதத்தையும் உண்டாக்கும். 12 வயது, தண்ணீரும் நிறையக் குடிக்கிறது என்றால் சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருக்கலாம். வாந்தி, தார் போல் கறுத்த மலம், சாப்பிட மறுப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். மாத்திரை அட்டையையும் காட்டுங்கள். இல்லாவிட்டாலும் இந்த வாரமே காட்ட வேண்டும். அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். காலையில் ஒரு லிட்டர் அளந்து வையுங்கள், மறுநாள் காலையில் மீதியை அளந்து பாருங்கள். கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் குடித்திருந்தால் அது நோய்தான். 6 கிலோ நாய்க்கு 600 மில்லி. சிறுநீரகம் தவிர, நாய்க்கும் சர்க்கரை வரும். விடியற்காலைச் சிறுநீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனால் பாதிக் கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும். தண்ணீரைக் குறைத்து வைக்க மட்டும் கூடாது, சிறுநீரகம் கெட்ட நாய் வறண்டு போகும்.

நொண்டுவதற்கு நகத்தையும் பாருங்கள். வயதான நாய் நடை குறைந்ததும் நகம் வளர்ந்து வளையும், டைல்ஸ் தரையில் வழுக்கும். அது படுக்கிற இடத்திலும் நடக்கிற வழியிலும் சாக்கு விரித்து வையுங்கள். சாம்பார் சாதம் வேண்டாம், வெங்காயம் நாய்க்கு ரத்தத்தைக் கெடுக்கும். திராட்சையும் சாக்லேட்டும் அப்படியே ஆகாது. நீங்கள் சர்க்கரைக்காரர் என்பதால் இன்னொன்று: சைலிட்டால் சேர்த்த சர்க்கரையில்லா மிட்டாய் வீட்டில் இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள். ஒன்றிரண்டே அதன் உயிருக்கு ஆபத்து. சங்கிலியை மணிக்கட்டில் சுற்றிப் பிடிக்காதீர்கள். அது திடீரென்று இழுத்தால் விழுவது நீங்கள். டாமிக்கு வருட ஊசி எப்போது போட்டது என்று அட்டையில் பாருங்கள். வெடித்த குதிகாலை அது நக்கினால் அதுவும் எச்சில் காயத்தில் பட்டதாகத்தான் கணக்கு.

ஏற்காட்டுக்குக் கிளம்பும் அன்று டாமிக்கு நான்கு மணி நேரம் முன்பே சோற்றை நிறுத்திவிடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுக்காமலிருக்க அது உதவும். தண்ணீர் மட்டும் கொடுக்கலாம். விடிகாலையிலும் அந்தியிலும் வெளியே அவிழ்த்துவிடாதீர்கள். காட்டெருமையைப் பார்த்துக் குரைத்துவிட்டு நாய் உங்களிடம்தான் ஓடி வரும், பின்னாலேயே அதுவும் வரும். ஏரிப் பக்கம் குரங்கு கீறினாலும் அதே 15 நிமிடம் சோப்பு, அதே ஊசி. குரங்குக்கு 10 நாள் கணக்கு கிடையாது. ஆனால் இந்த வரிசையை முழுதாகப் போட்டு முடித்திருந்தால் பிறகு எது கடித்தாலும் 0, 3 என்று இரண்டு ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. அதற்கு ஆதாரம் உங்கள் ஊசிச் சீட்டுதான். எல்லாத் தேதியும் எழுதி வாங்கி, பிளாஸ்டிக் உறை போட்டு, ஏற்காட்டுப் பையில் சர்க்கரை மாத்திரையோடு வையுங்கள்.