தட்டானா, நானோவா? பிஎச்.டி. கைடைத் தேர்ந்தெடுப்பது எப்படி

கேள்வி: எம்.எஸ்சி. விலங்கியல் முடித்து, நெட் தேர்வில் பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெற்றிருக்கிறேன். வயல்வெளித் தட்டான்பூச்சிகளை ஆய்வு செய்ய ஆசை. நான் சேர விரும்பும் மாநிலப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் ஒரு பேராசிரியரின் ஆய்வு ஆர்வங்கள் என்று பூச்சியியல், நச்சியல், நானோ தொழில்நுட்பம், மீன்வளம் என எட்டு இருக்கின்றன. நம்பிச் சேரலாமா? "கைடு, தலைப்பு, பேப்பர் எல்லாம் சேர்த்து முடித்துத் தருகிறேன்" என்று ஒருவர் பணமும் கேட்கிறார்.
- வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அந்தப் பட்டியலை அப்படியே நம்பாதீர்கள் அம்மா. பாதி, அவர் வகுப்பில் எடுத்த பாடங்களாக இருக்கும். கால அட்டவணையில் நச்சியல் விழுந்தால் நச்சியல் எடுத்துத்தான் ஆகவேண்டும். அதுவும் நாளடைவில் 'ஆர்வம்' ஆகிவிடும். மீதியில் சில, பத்து வருடத்துக்கு முன் எழுதியதாக இருக்கும்.

உண்மையான ஆர்வம், இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஷோத்கங்கா தளத்தில் தெரியும். அங்கே அவர் பெயரைப் போட்டுத் தேடி, அவரிடம் முடித்த மாணவர்களின் தீசிஸ் (ஆய்வேடு) தலைப்புகளைப் படியுங்கள். வேப்பிலையில் வெள்ளி நானோ துகள், துளசியில் வெள்ளி நானோ துகள், நொச்சியில் வெள்ளி நானோ துகள் என்று இலை மட்டும் மாறிக்கொண்டே போனால், உங்களுக்கும் ஓர் இலை தயாராக இருக்கிறது என்று பொருள். தட்டானை மறந்துவிட வேண்டியதுதான். களப்பணி செய்த தீசிஸ் ஒன்றிரண்டாவது இருந்தால் அவருக்கு எழுதலாம்.

அடுத்து, இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிப்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் வழிகாட்டலாம். யாரிடம் யார் எந்தத் தலைப்பில் பதிவு செய்திருக்கிறார்கள் என்ற பட்டியலைப் பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்க வேண்டும். பல இடங்களில் அந்தப் பக்கம் திறக்காது. திறந்தால் பழைய பட்டியல் இருக்கும். பட்டமளிப்பு விழாப் படங்கள் மட்டும் அன்றைக்கே ஏறிவிடுகின்றன!

பலர் கவனிக்காத ஒன்று, பேராசிரியரின் வயது. ஓய்வுக்கு மூன்று வருடத்துக்கும் குறைவாக இருப்பவர் புது மாணவரை எடுக்க முடியாது. தமிழ்நாட்டின் மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஓய்வு 60 வயதில் என்பதால், 57-ஐத் தாண்டியவரைக் கேட்டுப் பயனில்லை. மத்தியப் பல்கலைக்கழகம் என்றால் ஓய்வு 65-ல். கணக்கு 62 ஆகும். ஏற்கெனவே சேர்ந்த மாணவர்கள் மட்டும், அவர் ஓய்வு பெற்ற பிறகும் இணை வழிகாட்டியாக அவரை வைத்துக்கொள்ளலாம், அதுவும் அவருக்கு 70 வயது ஆகும்வரை. ஆனால் அப்போது முதன்மைக் கைடாக வேறொருவர் வருவார். அவருக்குத் தட்டான் பிடிக்குமா என்பது உங்கள் அதிர்ஷ்டம். ஆகவே ஐம்பதுகளின் நடுவில் இருப்பவரிடம் சேர்வதானால், துறையில் அதே வேலை செய்யும் இன்னொருவர் இருக்கிறாரா என்று முன்கூட்டியே பாருங்கள்.

சரி, அந்தப் 'பேக்கேஜ்' ஆசாமிக்கு வருவோம். ஒரு பைசா கொடுக்காதீர்கள். கைடை ஒதுக்குவது பல்கலைக்கழகம். தரகர் கையில் எதுவும் இல்லை. இவர்கள் ஒரே தீசிஸை ஊர் பெயர் மாற்றி நாலு பேருக்கு விற்பவர்கள். 2018-ல் வந்த யுஜிசி விதிப்படி, தீசிஸ் பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் அளவு 10 சதவீதத்தைத் தாண்டினாலே சிக்கல், 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. மாட்டினால் ரத்தாவது உங்கள் பதிவு, தரகருக்கு ஒன்றுமில்லை. 'யுஜிசி அங்கீகரித்த இதழில் பேப்பர்' என்பது அடுத்த தூண்டில். அந்த இதழ்களின் பட்டியலான 'கேர்' பட்டியலை யுஜிசி 2025-ல் கைவிட்டுவிட்டது. தீசிஸ் கொடுக்கும் முன் பேப்பர் கட்டாயம் என்ற பழைய நிபந்தனையும் 2022 விதியில் இல்லை. உங்கள் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கிறதா என்பதை அதன் விதிமுறையில் பாருங்கள், தரகரின் வாட்ஸ்அப்பில் பார்க்காதீர்கள். இத்தனை பேர் இதில் பிழைக்கிறார்கள் என்றால், விதிகளை யாருக்கும் புரியாதபடி ஆங்கிலத்தில் எழுதி எங்கோ ஒரு பிடிஎஃப்பில் புதைத்து வைப்பவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

பேராசிரியருக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்புங்கள். அவருடைய மாணவர் ஒருவரின் தீசிஸைப் படித்ததாகச் சொல்லி, எந்த வயலில், எந்தப் பருவத்தில், தட்டானிடம் எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று பத்து வரியில் எழுதினால் போதும். சீக்கிரம் செய்யுங்கள். உங்கள் நெட் மதிப்பெண் பிஎச்.டி. சேர்க்கைக்கு ஓராண்டுதான் செல்லும்.