லீஸ் காரை மூன்று மாதத்துக்குப் பெங்களூர் கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாமா?

கேட்டவர் தண்டையார்பேட்டைக்காரர். ஆபீஸ் மூலம் லீஸில் எடுத்த கார். கத்திரி வெயிலுக்கு முன்பே அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு பெங்களூரில் தங்கை வீட்டுக்குப் போய் ஜூலை வரை தங்க எண்ணம். கர்நாடக எல்லையில் மறிப்பார்களா, வாழ்நாள் வரி (வண்டிக்கு ஒரே தடவையில் மொத்தமாகக் கட்டும் சாலை வரி) கட்டச் சொல்வார்களா என்று கேட்டிருக்கிறார்.

தாராளமாக எடுத்துப்போகலாம். நான் ராயபுரம். அப்பாவுக்கு வெயில் ஆகாது என்பதால் கோடை வந்தால் நாங்களும் லீஸ் காரில்தான் பெங்களூர் போய்த் தங்குகிறோம். மூன்று மாதம் தங்குவதற்குச் சட்டத்தில் தடை எதுவும் இல்லை. நீங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டியது லீஸ் ஒப்பந்தத்தை.

முதலில் வரி பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆவது பிரிவுப்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால்தான் அங்கே புது நம்பர் வாங்க வேண்டும். கர்நாடகம் 2014இல் தன் வரிச் சட்டத்தைத் திருத்தி, 30 நாளைத் தாண்டினாலே வாழ்நாள் வரி என்றது. வெளிமாநில நம்பர் வைத்திருந்தவர்கள் அப்போது பட்ட பாட்டைத்தான் இன்னமும் பலர் கதையாகச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். அந்தத் திருத்தம் செல்லாது என்று 2016இல் கர்நாடக உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் ரோட்டில் நிறுத்திக் கேட்டால், எப்போது வந்தீர்கள் என்பதைக் காட்ட ஓர் ஆதாரம் கையில் இருப்பது நல்லது. கிருஷ்ணகிரி, அத்திப்பள்ளி சுங்கச் சாவடிகளில் பாஸ்டேக் கணக்கில் பணம் பிடித்த தேதியே போதும். அந்த ஸ்டேட்மென்டை போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான விஷயம். ஆர்சி புத்தகத்தை எடுத்து, உரிமையாளர் பெயர் இருக்கும் வரியைப் பாருங்கள். அங்கே லீஸ் கம்பெனியின் பெயரோ உங்கள் ஆபீஸ் பெயரோதான் இருக்கும். வண்டியை நீங்கள் துடைக்கலாம், பெட்ரோல் போடலாம், ஆனால் காகிதத்தில் அது வேறொருவருடைய சொத்து. சென்னைக்குள் ஓட்டும்வரை இது பெரிதாகத் தெரியாது. எல்லை தாண்டினால் ஒவ்வொரு இடத்திலும் முன்னால் வந்து நிற்கும்.

ஒரு முறை ஓசூர் தாண்டி அத்திப்பள்ளியில் நிறுத்தினார்கள். போலீஸ்காரர் ஆர்சியில் இருந்த பெயரைப் பார்த்தார், என் லைசென்ஸைப் பார்த்தார், "இது யார் வண்டி சார்?" என்று தமிழிலேயே கேட்டார். ஆர்சியில் பெயர் இருந்த கம்பெனியின் லெட்டர்ஹெட்டில் வாங்கிய கடிதத்தைக் கொடுத்தேன். வண்டி எண், என் பெயர், லைசென்ஸ் எண், இந்த மாதத்திலிருந்து இந்த மாதம்வரை கர்நாடகத்தில் வைத்து ஓட்ட அனுமதிக்கிறோம் என்ற ஒரு வரி, கையெழுத்து, முத்திரை. முத்திரையை மட்டும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "சரி, போங்க" என்றார். அந்தக் கடிதம் இல்லாமல் கிளம்பாதீர்கள். தங்கை கணவரும் அங்கே ஓட்டுவார் என்றால் அவர் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். குடும்பத்தில் யார் ஓட்டலாம் என்பதில் சில லீஸ் கம்பெனிகள் கறாராக இருக்கும்.

ஆர்சி போனில் இருந்தால் போதும்தான், 2018லிருந்து டிஜிலாக்கர், எம்பரிவாகன் என்ற அரசு ஆப்கள் இரண்டுமே செல்லும். ஆனால் டிஜிலாக்கரில் வண்டி உரிமையாளர் பெயரும் ஆதார் பெயரும் ஒத்துப்போக வேண்டும், லீஸ் வண்டிக்கு அது நடக்காது. எம்பரிவாகனில் சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் கொடுத்து ஏற்றிக்கொள்ளலாம். புகைச் சான்றை எங்கே எடுத்திருந்தாலும் நாடு முழுக்கச் செல்லும், தேதி மட்டும் பாருங்கள்.

இன்சூரன்ஸ் பற்றி யாரும் சரியாகச் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பாலிசி இந்தியா முழுக்கச் செல்லும், கர்நாடகம் போவதால் கூடுதல் பிரீமியம் கிடையாது. சிக்கல் இரண்டு இடத்தில். தனியார் வண்டிப் பாலிசியில் உரிமையாளரே ஓட்டும்போது நேரும் விபத்துக்கு 15 லட்சம் ரூபாய் தனிநபர் காப்பீடு உண்டு. அது தனி ஆள் பெயரில் இருக்கும் வண்டிக்குத்தான். கம்பெனி பெயரில் இருக்கும் வண்டியை ஓட்டும் உங்களுக்கு அது கிடைக்காது. வயதான அப்பா அம்மாவை உட்காரவைத்து 350 கிலோமீட்டர் ஓட்டப் போகிறீர்கள். உங்கள் பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுங்கள், வண்டிப் பாலிசியில் பயணிகளுக்கு விபத்துக் காப்பீடு சேர்த்திருக்கிறதா என்றும் கேளுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது, கிளெய்ம். என் மச்சானின் லீஸ் காரை பெங்களூர் ஒயிட்பீல்டில் பின்னால் வந்த வேன் இடித்துவிட்டது. பம்பரும் டிக்கியும் போச்சு. ஒர்க்ஷாப்பில் கிளெய்ம் பாரத்தை நீட்டி, உரிமையாளர் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும் என்றார்கள். உரிமையாளரோ வேறு ஊரில் இருக்கும் லீஸ் கம்பெனி. பாரம் கூரியரில் போய் வரும்வரை வண்டியைத் தொடவே இல்லை, அவர் ஆட்டோவில் ஆபீஸ் போனார். பெங்களூரில் எந்த ஒர்க்ஷாப்புக்குப் போக வேண்டும், கையெழுத்து யாரிடம் வாங்க வேண்டும், அவர் போன் நம்பர் என்ன என்பதைக் கிளம்பும் முன்பே மெயிலில் எழுதி வாங்கிவிடுங்கள்.

அபராதமும் அதே வழியில்தான் வரும். பெங்களூரில் சிக்னலுக்கு சிக்னல் கேமரா. அபராதச் சலான் உரிமையாளருக்குப் போகும், லீஸ் கம்பெனி தன் கட்டணத்தையும் சேர்த்து உங்களிடம் வசூலிக்கும். வண்டி எண்ணைப் போட்டு அவ்வப்போது நீங்களே பார்த்துக் கட்டிவிடுங்கள். ஒப்பந்தத்தில் கிலோமீட்டர் வரம்பு இருந்தால் அதையும் கணக்குப் போடுங்கள். போய்வருவதில் பெரிதாக ஏறாது, அங்கிருந்து மைசூர், குடகு என்று சுற்றுவதில்தான் ஏறும்.

மேலே சொன்னதெல்லாம் வெள்ளை நம்பர் பிளேட் வண்டிக்கு. கறுப்புப் பிளேட்டில் மஞ்சள் எழுத்து என்றால் அது வாடகைக்கு விடும் வண்டி, பெர்மிட் கர்நாடகத்துக்கும் இருக்கிறதா என்று கொடுத்தவரிடம் எழுத்தில் கேட்க வேண்டும்.

போகும் வழிக்கு ஒரு யோசனை. அதிகாலையில் மூலக்கடை, மாதவரம் வழியாக செங்குன்றம் போய், வெளிவட்டச் சாலையைப் பிடித்து நசரத்பேட்டையில் இறங்கினால் நேரே பெங்களூர் ஹைவே. கோயம்பேடு நெரிசலே கிடையாது, பெரியவர்களுக்கு அலுப்பும் இருக்காது.

கடைசியாக, லீஸ் முடியும் தேதியையும் பாலிசி புதுப்பிக்கும் தேதியையும் பாருங்கள். இரண்டில் ஒன்று ஜூலைக்குள் வந்தால், நீட்டிப்புக் கடிதத்தையும் புதுப் பாலிசியையும் எப்போது அனுப்புவார்கள் என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.