பதில்: விலங்கியல் முடித்தவன், கணக்கு வராது, சூழலியலும் பரிணாமமும் படிக்கலாமா?

வணக்கம். பறவைகளை அடையாளம் காண்பதில் தேர்ச்சி இருந்தும், முதுகலைப் பாடத்திட்டத்தில் புள்ளியியலைக் கண்டதும் தயங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். தயக்கம் இயல்புதான், ஆனால் அந்தத் தாளைத் தவிர்க்க வழி தேடாதீர்கள்.

ஏன் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: கலாபகோஸ் தீவுக்கூட்டத்தின் டாஃப்னி மேஜர் என்ற சிறு தீவில் 1973 முதல் பரிணாம உயிரியலாளர்களான பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர் குருவிகளைப் பிடித்து, வளையமிட்டு, அலகை அளந்து வந்தனர். 1977 வறட்சியில் சிறிய, மென்மையான விதைகள் தீர்ந்துபோகவே, நெருஞ்சி இனத்தின் கடினமான முள்விதைகளை உடைக்க வல்ல தடித்த அலகுடையவை அதிகம் பிழைத்தன. பிழைத்தவற்றின் சராசரி அலகுத் தடிமன் வறட்சிக்கு முன்பிருந்ததைவிட ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான் கூடுதல். தொலைநோக்கியில் எவ்வளவு பழகிய கண்ணுக்கும் அது தெரியாது. நூற்றுக்கணக்கான அளவீடுகளின் சராசரியிலும் பரவலிலும்தான் தெரியும். தடிமன் பெற்றோரிடமிருந்து குஞ்சுகளுக்கு எவ்வளவு கடத்தப்படுகிறது என்பதைக் கணித்த பிறகே அதைப் பரிணாமம் என்று சொல்ல முடிந்தது.

சேர்க்கைக்கு முன் ஒன்று செய்யுங்கள். வீட்டருகே இருபது எருக்கஞ்செடிகளைத் தேர்ந்து, வாரம் ஒருமுறை இலைகளின் அடிப்புறத்தைத் திருப்பி, வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழுக்களை எண்ணிக் குறித்து வாருங்கள். (எருக்கம்பால் கண்ணில் படாமல் கவனம்.) பல செடிகளில் சுழியமும் ஓரிரண்டில் மட்டும் பெரிய எண்களும் வரக்கூடும்; சராசரி ஏன் அங்கே ஏமாற்றுகிறது என்று நீங்களே கேட்பீர்கள். அந்தக் கேள்வியோடு இலவசப் புள்ளியியல் மென்பொருளான ‘ஆர்’ஐத் (R) திறந்தால், பள்ளியில் மிரட்டிய கணக்கு இது இல்லை என்பது புரியும்.